ராத்திரி யூனிட் பாதி விலைக்கு: அக்கா வீட்டின் நான்கு மாதக் கணக்கு

"ராத்திரி பதினொன்றிலிருந்து காலை ஆறு வரைக்கும் யூனிட் கிட்டத்தட்ட பாதி விலையாம். ராத்திரி முழுக்க ஃபேன் ஓடுது, ஃபிரிட்ஜ் ஓடுது, வெயில் காலத்துல ஏசி ஓடுது. நம்ம வீட்டுல பாதி கரண்ட் ராத்திரிதான் போகும். மாறிடட்டுமாடா?"

அக்கா போனில் இப்படிக் கேட்டபோது எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஆனால் மின் நிறுவனத்தின் அந்தப் புது பிளானுக்கு மாறினால் ஓராண்டுக்குப் பழைய பிளானுக்குத் திரும்ப முடியாது என்று விதிமுறையில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் "ரெண்டு வாரம் பொறுத்துக்கோ, மீட்டரைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். அப்போது தொடங்கிய கணக்கு நான்கு மாதம் ஓடியது. நடுவில் விடை இரண்டு முறை மாறியது. இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு உதவும் என்று முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

பணத் தொகை எதுவும் கொடுக்கவில்லை. பழைய பிளானில் ஒரு யூனிட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பணம் எதுவானாலும் விகிதம் போதும்.

புது பிளானில் பகல் யூனிட் 118, இரவு யூனிட் 55. மாதாந்திர நிலைக்கட்டணமும் 600 கூடுகிறது, அதாவது பழைய விலையில் ஆறு யூனிட். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது 55 மட்டும்தான். 118ஐ அட்டவணையில் தேடிப் பார்த்தோம். நிலைக்கட்டண உயர்வு அதற்கும் அடுத்த பக்கத்தில் இருந்தது.

எத்தனை சதவீதம் இரவில் போக வேண்டும்

எல்லா யூனிட்டும் பகலில் போனால் சராசரி விலை 118. இரவுக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டும் 118க்குப் பதில் 55, அதாவது 63 மிச்சம். பழைய பிளானுக்குச் சமமாக வர 118லிருந்து 18 இறங்க வேண்டும். 18ஐ 63ஆல் வகுத்தால் 0.286. மொத்த யூனிட்டில் 28.6 சதவீதம் இரவில் போனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

நிலைக்கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். அக்கா வீட்டில் மாதம் சுமார் 300 யூனிட். 600ஐ 300 யூனிட்டுக்குப் பங்கிட்டால் யூனிட்டுக்கு 2. ஆக இறங்க வேண்டியது 20. அதை 63ஆல் வகுத்தால் 31.7 சதவீதம். அதற்குக் கீழே இருந்தால் நஷ்டம், மேலே போனால் லாபம்.

இங்கே ஒரு சின்ன ஒப்பீடு எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. ஏழு மணி நேரம் என்பது 24 மணி நேரத்தில் 29.2 சதவீதம். ஒரு வீட்டில் கரண்ட் இருபத்துநான்கு மணி நேரமும் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக ஓடினால்கூட இரவுப் பங்கு அவ்வளவுதான் வரும். நமக்கு வேண்டியதோ 31.7. அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால், வீடு விழித்திருக்கும் நேரத்தைவிடத் தூங்கும் நேரத்தில் அதிகமாகக் கரண்ட் இழுக்க வேண்டும். இதைப் பார்த்ததுமே அக்கா சொன்ன 'பாதி' மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்தது அளப்பது. பழைய மீட்டரில் ஒரே ஒரு எண்தான். அதனால் பதினான்கு நாள், தினமும் இரவு 11 மணிக்கும் காலை 6 மணிக்கும் மீட்டரைப் போட்டோ எடுத்தோம். இரவு முறை அத்தானுடையது, காலை முறை அக்காவுடையது. படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டி, கண்ணாடியில் தூசி. டார்ச் அடித்தால் ஒளி எதிரொளித்து எண் தெரியாது, கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். போட்டோவிலேயே நேரமும் பதிவாகிவிடுவதால் தனியாக எழுதி வைக்கும் வேலை இல்லை.

பதினான்கு நாளில் மொத்தம் 141 யூனிட். இரவில் போனது 34. அதாவது 24.1 சதவீதம்.

"பாதி இல்லையா?" என்றாள் அக்கா. பாதியில் பாதிதான். அப்படியே மாறியிருந்தால் சராசரி விலை நிலைக்கட்டணத்தோடு 104.8 ஆகியிருக்கும். மாதம் 14 யூனிட் விலை கையை விட்டுப் போயிருக்கும். ஓராண்டுக்குத் திரும்பவும் முடியாது.

ஏன் இவ்வளவு குறைவு என்று பிரித்துப் பார்த்தோம். மூன்று ஃபேன், ஒவ்வொன்றும் 70 வாட், ஏழு மணி நேரம்: ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஃபிரிட்ஜ் நாளுக்கு ஒரு யூனிட் எடுத்தாலும் அதில் இரவின் பங்கு 0.3தான். மோடம், செட்டாப் பாக்ஸ் மாதிரி எப்போதும் விழித்திருக்கும் பொருள்கள் இன்னொரு 0.3. இவற்றோடு கீசர் தன் சூட்டைக் காக்க அவ்வப்போது எடுப்பதையும் ஒன்றிரண்டு விளக்கையும் சேர்த்தால் இரவுக்கு 2.4 யூனிட். நாள் முழுக்கப் போவது 10. ராத்திரி நிறைய சாமான் ஓடுவது உண்மைதான், ஆனால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பவை. அள்ளிக்கொண்டு போகும் சமையல், குளியல், இஸ்திரி எல்லாம் விழித்திருக்கும் நேரத்து வேலைகள்.

ஃபேனைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 70 வாட் ஃபேன் மூன்றுக்கும் பதில் 35 வாட்டுக்குள் ஓடும் பிஎல்டிசி ஃபேன் போட்டால் இரவில் மட்டும் நாளுக்கு 0.7 யூனிட் குறையும். அதனால் இரவுப் பங்கு இன்னும் இறங்கும், பில்லும் இறங்கும். சதவீதத்தை ஏற்றுவதையே குறியாக வைத்துக்கொண்டால் இந்த மாதிரி நல்ல மாற்றத்தைக்கூட வேண்டாம் என்று தள்ளிவிடுவோம். கண் எப்போதும் கடைசித் தொகை மேல் இருக்கட்டும்.

எதை நகர்த்த முடியும்

அந்த வாரமே வேண்டாம் என்று முடித்திருக்கலாம். நான்தான் "கீசரைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றேன். வீட்டில் இருப்பதை எல்லாம் நகர்த்தலாமா என்று யோசித்ததில் உருப்படியாக நின்றது அது ஒன்றுதான்.

சமையலை நகர்த்த முடியாது. வாஷிங் மெஷினைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அக்கா வீட்டில் பச்சைத் தண்ணீரில் துவைக்கிறார்கள். ஒரு தடவைக்கு 0.2 யூனிட் போல. அதை ராத்திரிக்கு மாற்றினால் மிச்சம் ஒரு பழைய யூனிட்டின் எட்டில் ஒரு பங்கு. அதற்காக ஆள் தூங்கும்போது மெஷினை ஓடவிட எனக்கு மனசில்லை. தூங்கும்போது துவைக்கும் இயந்திரத்தையும் உலர்த்தியையும் ஓட்ட வேண்டாம் என்று தீயணைப்புத் துறையினர் பல நாடுகளில் சொல்கிறார்கள். தண்ணீரைச் சூடாக்கித் துவைக்கும் மெஷின் என்றால் யூனிட் கூடும், கணக்கு மாறும். அந்த எச்சரிக்கை மட்டும் மாறாது.

கீசர் வேறு மாதிரி. அது சூட்டைச் சேமித்து வைக்கும் பாத்திரம். எப்போது சூடாக்கினாலும் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அக்கா வீட்டில் இருப்பது 50 லிட்டர், 2 கிலோவாட். எப்போதும் சுவிட்ச் போட்டபடியே கிடக்கும், தெர்மோஸ்டாட் 50 டிகிரியில்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த 1.163 வாட்-மணி வேண்டும் (1000 வாட்-மணி ஒரு யூனிட்). நால்வரும் குளிக்க நாளுக்கு 40 டிகிரியில் சுமார் 82 லிட்டர் ஆகிறது. குழாய்த் தண்ணீர் 25 டிகிரி. 82 லிட்டரை 15 டிகிரி உயர்த்த 1.4 யூனிட். சும்மா நிற்கும்போது தொட்டியின் சுவர் வழியாகப் போகும் சூடு நாளுக்கு அரை யூனிட். ஆக 1.9 யூனிட், அதில் பெரும்பகுதி பகல் நேரத்தில். 1.7 யூனிட்டை இரவுக்குத் தள்ளினால் பங்கு 24லிருந்து 41 சதவீதத்துக்கு ஏறும். சராசரி விலை நிலைக்கட்டணத்தோடு 94.2. மாதம் 17 யூனிட் விலை மிச்சம்.

ஒரே ஒரு சாமான் நஷ்டத்தை லாபமாக மாற்றுகிறது. அப்படியென்றால் வீட்டில் கீசரே இல்லாதவர்களுக்கும், தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே சூடாக்கும் இன்ஸ்டன்ட் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கும், கேஸில் சூடாக்குபவர்களுக்கும் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. கீழ்வீட்டில் இருக்கும் வயதான தம்பதி அப்படித்தான். அக்கா கணக்குப் போடுவதைக் கேள்விப்பட்டு அவர்களும் ஒரு வாரம் மீட்டரைக் குறித்துக் கொடுத்தார்கள். மாதம் 180 யூனிட், இரவுப் பங்கு 26 சதவீதம், கேஸ் ஹீட்டர். யூனிட் குறைவாக இருப்பதால் அதே 600 நிலைக்கட்டணம் அவர்களுக்கு யூனிட்டுக்கு 3.3 ஆகிறது, சமநிலைக்கே 34 சதவீதம் வேண்டும். நகர்த்த ஒன்றும் இல்லை. "மாமா, பழையதே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சிக்கனமாக இருப்பவர்களை நிலைக்கட்டணம்தான் அதிகமாக அடிக்கிறது. இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அடுக்கு முறையில், அதாவது முதல் சில யூனிட் மலிவு, அதற்கு மேல் போகப் போக விலை ஏற்றம் என்று பில் வரும் இடங்களில் 100 என்று ஒரே எண்ணை வைக்க முடியாது. அங்கே இரண்டு பிளானிலும் முழு பில்லையும் போட்டு அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் வழி. மலிவு அடுக்கு புது பிளானில் உண்டா என்பதை முதலில் கேளுங்கள்.

இன்னொன்று, மலிவு நேரம் என்றால் இரவு என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 1978இல் எகானமி 7 என்ற இரவு பிளான் வந்தபோது காரணம் எளிது: பெரிய மின் நிலையங்களை ராத்திரி நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடியாது, வாங்க ஆளும் குறைவு, அதனால் ஏழு மணி நேரம் மலிவு. இன்று சூரிய மின்சாரம் பெருகிய இடங்களில் மிஞ்சுவது நடுப்பகலில். இந்தியா 2023இல் திருத்திய மின் நுகர்வோர் விதிகளில் சூரிய ஒளி நேரத்துக்குத்தான் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் தள்ளுபடி சொல்லப்பட்டிருக்கிறது. அந்த மாதிரி பிளானில் பகலில் ஆளில்லாத வீட்டின் ஏசி உதவாது, டைமர் போட்ட கீசர் உதவும். எந்த மணி மலிவு என்று பார்த்துவிட்டு இதே கணக்கைப் போடலாம்.

முதல் மாதம்

மாறினோம். எலக்ட்ரீஷியன் வந்து டைமரையும் அதோடு கான்டாக்டரையும் (டைமர் சொல்படி அதிகக் கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) மாட்டினார். 2 கிலோவாட் கீசரை பிளக்கில் செருகும் சாதாரண டைமரில் போடக் கூடாது. மணிக்கணக்கில் அவ்வளவு கரண்ட் போனால் பிளக் உருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. சாமானும் கூலியும் சேர்த்து பழைய விலையில் 90 யூனிட் செலவு. அவசரத்துக்குக் கீசரை நேரடியாகப் போட ஒரு தனி சுவிட்சும் வைத்தார்.

டைமரை இரவு 11 மணி முதல் 12:30 வரை வைத்தோம். மாத முடிவில் 306 யூனிட், இரவில் 102. மூன்றில் ஒரு பங்கு. புது பிளானில் பில் 30,282. பழையதில் இருந்திருந்தால் 30,600. மிச்சம் மூன்று யூனிட் விலை. எதிர்பார்த்தது பதினேழு.

எங்கே போனது? இரண்டு இடத்தில்.

முதலாவது, மீட்டரின் கடிகாரம். புது மீட்டரில் எந்தக் கட்டணம் ஓடுகிறது என்பதைக் காட்ட 'டி1' (பகல்), 'டி2' (இரவு) என்று ஒரு ஓரத்தில் சின்ன எழுத்து வரும். ஒரு ராத்திரி நானும் அத்தானும் படிக்கட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே கான்டாக்டர் 'டக்' என்று விழுந்த சத்தம் கேட்டது. போனில் மணி சரியாக 11. மீட்டரில் டி1. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பெட்டிக்குள் சிவப்புப் புள்ளி வேகமாக மின்னிக்கொண்டே இருந்தது, கீசர் முழு வேகத்தில் இழுக்கிறது, எல்லாம் 118இல். டி2 வந்தபோது மணி 11:17. மீட்டர் கடிகாரம் பதினேழு நிமிடம் பின்னால். பிரிட்டனிலும் பழைய எகானமி 7 மீட்டர்கள் பல, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும் மாற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, அங்கே ஒரு மணி நேரமே தள்ளிப்போகும். நாங்கள் மின் நிறுவனத்துக்கு எழுதினோம். பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அதுவரைக்கும் மீட்டரின் மணிதான் எங்களுக்கும் மணி.

இரண்டாவது, சாயங்காலக் குளியல். 50 டிகிரியில் 50 லிட்டர் என்றால், 40 டிகிரியாகக் கலந்து எடுக்கும்போது 83 லிட்டர் கிடைக்கும். தேவை 82. காகிதத்தில் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் பதினெட்டு மணி நேரம் தொட்டி நின்று ஆறுவதை நான் அதில் சேர்க்கவில்லை. கடைசியாகக் குளிக்கும் பெரியவளுக்கு வெதுவெதுப்பாகத்தான் வந்தது. அவள் தனி சுவிட்சைப் போட்டுக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பிசகு என் கணக்கில்.

தெர்மோஸ்டாட்டை 60க்கு ஏற்றினோம். இப்போது அதே 50 லிட்டர் 117 லிட்டருக்குச் சமம். தேங்கி நிற்கும் வெந்நீரில் லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்கவும் 60 டிகிரியில் சேமிப்பதுதான் பரிந்துரை. ஆனால் 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். சின்னவன் இருக்கும் வீடு என்பதால் வெந்நீரும் தண்ணீரும் அளவாகக் கலந்து வரும் வால்வு ஒன்றைப் போடச் சொன்னேன். டைமரையும் அதிகாலை 4:45 முதல் 6 மணி வரை என்று தள்ளினோம். ஆறின தொட்டியை ஏற்ற ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அது போதும். நள்ளிரவில் சூடாக்கி விடியும்வரை ஆறவிடுவதைவிட இது நல்லது. மீட்டர் எந்தப் பக்கம் பதினேழு நிமிடம் தப்பினாலும் தொடக்கத்தில் கவலை இல்லை.

இரண்டாம் மாதம் 298 யூனிட், இரவில் 116, அதாவது 38.9 சதவீதம். பில் 28,456. பழைய பிளானில் 29,800. மிச்சம் 13 யூனிட் விலை.

மூன்றாம் மாதம் ஏமாற்றியது

வெயில் வந்தது, ஏசி வந்தது. 361 யூனிட், இரவில் 166. பங்கு 46 சதவீதம். பில் 32,740, பழைய பிளானில் அதே யூனிட்டுக்கு 36,100. மிச்சம் 34 யூனிட்! அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. "போன வருஷம் ஏசியை எத்தனை மணிக்கு நிறுத்துவீங்க?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாலு மணிக்கு எழுந்து நிறுத்திடுவேன். இப்ப ராத்திரி ரேட்டு கம்மிதானேன்னு ஆறு வரைக்கும் விட்டுட்டேன்" என்றாள்.

விடியற்காலையில் அறை ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால் அவர்களுடைய இன்வெர்ட்டர் ஏசி மணிக்கு 0.35 யூனிட்தான் எடுக்கும். இரண்டு மணி நேரம், முப்பது நாள்: சுமார் 20 யூனிட். பழைய பிளானிலேயே இருந்திருந்தால் அந்த 20 யூனிட் ஓடியே இருக்காது. அப்போது பில் 361க்கு வந்திருக்காது, 341 யூனிட்டுக்கு 34,100 வந்திருக்கும். அதிலிருந்து 32,740ஐக் கழித்தால் மிச்சம் 1,360. முப்பத்துநான்கு இல்லை, பதினான்குக்கும் குறைவு.

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஓடின யூனிட்டை இரண்டு விலையில் பெருக்கிப் பார்த்தால் புது பிளான் எப்போதும் அழகாகத் தெரியும். மலிவு என்பதற்காகவே ஓடின யூனிட் எது என்று மீட்டர் சொல்லாது, வீட்டில் இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். வெயிலில் நிம்மதியாகத் தூங்குவதற்கு அந்த இரண்டு மணி நேரம் வேண்டும் என்றால் தாராளமாக ஓட்டலாம். அதைத் தூக்கத்துக்கான செலவு என்று எழுத வேண்டும், மிச்சத்தில் எழுதக் கூடாது.

மின்சார கார் வாங்குவது பற்றியும் அத்தான் கேட்டார். நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் ஆறரை யூனிட் போல ஆகும். முழுவதையும் இரவில் ஏற்றினால், கீசர் பகலிலேயே கிடந்தாலும், பங்கு 54 சதவீதத்துக்குப் போய்விடும். சராசரி விலை 85க்கு வரும். கார் இருக்கும் வீட்டில் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கவே தேவையில்லை, இரவு பிளான்தான். கார் இல்லாதவரை கீசர் டைமரும் வெயில் கால ஏசியும்தான் இந்த வீட்டின் கணக்கு.

நான்காம் மாதம் அக்கா ஏசியில் இருக்கும் டைமரையே 4 மணிக்கு வைத்தாள். வெயில் குறையவில்லை. 338 யூனிட், இரவில் 147. பில் 31,223, பழைய பிளானில் 33,800. மிச்சம் கிட்டத்தட்ட 26 யூனிட் விலை, இந்த முறை கழிக்க எதுவும் இல்லை. நான்கு மாதமும் கூட்டினால் 56. டைமருக்குப் போன 90இல் இன்னும் 34 பாக்கி.